பொதுநிலமும் அறக்கொடையும்: குற்றால அருவிக்கரை முதல் திருவேங்கடத்துக் கரிசல் வரை

ஊருக்குப் பொதுவான நிலத்தையும் நீரையும் காக்கும் செலவை யார் ஏற்பது? தமிழகத்தில் இந்தக் கேள்விக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேலான விடைகள் உண்டு. அரசர் கொடுத்தார், வணிகர் கொடுத்தார், ஊர்ச்சபை பார்த்துக்கொண்டது, கோயில் பார்த்துக்கொண்டது, பிறகு அரசுத் துறைகள் வந்தன. இப்போது நிறுவனங்களும் அறக்கட்டளைகளும் தன்னார்வக் குழுக்களும் குளம் தூர்வாரவும் பூங்கா பராமரிக்கவும் காட்டைக் காக்கவும் முன்வருகின்றன. அறக்கொடையால் பொதுநிலத்தைக் காக்க முடியுமா என்பதும், முடியுமென்றால் எந்த நிபந்தனைகளின் கீழ் என்பதும் மீண்டும் உயிர்பெற்ற கேள்விகள். தென்காசி வட்டாரத்தை முன்வைத்து இதற்குச் சொல்லப்பட்ட முதன்மையான விடைகளையும், அவை பிறந்த இடங்களையும், அவற்றின் குறைகளையும் இக்கட்டுரை தொகுத்து மதிப்பிடுகிறது.

ஒரு மாவட்டம், இரண்டு நிலங்கள்

2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தென்காசி மாவட்டம் இக்கேள்விக்குப் பொருத்தமான களம். அதன் மேற்கு எல்லையில் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், செண்பகாதேவி என்று பருவத்தில் பெருங்கூட்டத்தை இழுக்கும் அருவிகளும் சிற்றாறும் அங்கேதான். அதற்குத் தெற்கே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் இருக்கிறது. 1988-இல் அறிவிக்கப்பட்ட அது தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம். இப்பகுதியை உள்ளடக்கிய அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தை 2016-இல் யுனெஸ்கோ தன் உலகப் பட்டியலில் சேர்த்தது.

கிழக்கே சங்கரன்கோவிலைத் தாண்டித் திருவேங்கடம் வட்டத்துக்குள் நுழைந்தால் நிலமே வேறு. கரிசல் மண், மானாவாரி வெள்ளாமை, மழையை நம்பிய குளங்கள், ஊருணிகள், மேய்ச்சல் புறம்போக்கு, ஓடைக்கரை. இங்கே பொதுநிலம் என்பது ஆடு மேயும் தரிசும், விறகு பொறுக்கும் ஓடையும், மழைநீர் தேங்கும் பள்ளமும்தான். பார்க்க யாரும் பயணம் வருவதில்லை. அருவிக்கரைக்குக் கொடையாளர் கிடைப்பது எளிது. கரிசல் புறம்போக்குக்குக் கிடைப்பது அரிது. இந்த வேறுபாடு கட்டுரை முழுவதும் தொடரும்.

முதல் விடை: நிலைத்த கொடை

பழைய விடை கோயிலையும் ஊர்ச்சபையையும் சார்ந்தது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஊர்ச்சபையின் வாரியங்களில் ஏரி வாரியத்தையும் தோட்ட வாரியத்தையும் குறிக்கின்றன. ஏரிக்கும் தோப்புக்கும் தனித்தனியே பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்த ஏற்பாடு அது. சோழர் காலக் கல்வெட்டுகள் பலவற்றில், ஏரியில் ஆண்டுதோறும் மண் எடுக்கவும் கரையை உயர்த்தவும் பொன்னோ நெல்லோ சபையிடம் ஒப்படைக்கப்பட்ட செய்தி கிடைக்கிறது. முதல் அப்படியே இருக்கும். அதன் வட்டியில் பணி நடக்கும். கோயில் நந்தவனங்களுக்கும் நிலம் எழுதிவைக்கப்பட்டது. அதன் விளைச்சலில் தோட்டம் காத்தவர்கள் பிழைத்தார்கள்.

இந்த முறையின் வலிமை ஒன்றுதான், ஆனால் பெரியது. கொடுத்தவர் கட்டுமானத்துக்கு மட்டும் கொடுக்கவில்லை. ஆண்டுதோறும் நடக்க வேண்டிய பராமரிப்புக்குக் கொடுத்தார். பொறுப்பேற்ற அமைப்பும் ஊரிலேயே இருந்தது.

குறைகளும் சிறியவை அல்ல. சபைகளில் இடம் பெற நிலமும் கல்வியும் பிறப்பும் தகுதிகளாக இருந்தன. ஊர்ப் பொது நீரை ஊரார் எல்லோரும் தொட முடிந்ததில்லை. ஊருணிப் படிக்கட்டில் தீண்டாமை அண்மைக்காலம் வரை நின்றது. நிலைத்த கொடையைப் போற்றுபவர்கள் இதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரண்டாவது விடை: அரசே காவலர்

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி கொடையையும் பொதுப்பணியையும் தன் பார்வைக்குள் கொண்டுவந்தது. 1817-ஆம் ஆண்டின் சென்னை ஏழாம் ஒழுங்குமுறை, கோயில்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் எழுதிவைத்த நிலங்களோடு பாலங்கள், சத்திரங்கள் போன்ற பொதுக் கட்டடங்களின் பராமரிப்பையும் வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் வைத்தது. 1863-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அரசு சமயக் கொடைகளிலிருந்து விலகியது. குளமும் கால்வாயும் பொதுப்பணித் துறையிடமும், காடு 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்தின் வழியாக வனத்துறையிடமும், மேய்ச்சல் நிலம் புறம்போக்கு என்ற தலைப்பில் வருவாய்த் துறையிடமும் போய்ச் சேர்ந்தன. 1948-இன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் ஜமீன் குளங்களும் அரசின் பொறுப்புக்கு வந்தன.

அரசுக் காவலை ஆதரிப்பவர்களின் வாதம் வலுவானது. பொதுநிலத்தை விற்கவோ வளைக்கவோ முடியாதபடி தடுக்கும் அதிகாரம் வேறு யாருக்கும் இல்லை. ஜக்பால் சிங் வழக்கில் (2011) உச்ச நீதிமன்றம் ஊர்ப் பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்ற எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. தமிழகம் 2007-இல் குளங்களைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தனிச் சட்டம் இயற்றியது. குற்றாலம் பகுதியில் தனியார் விடுதிகள் இயற்கை அருவி நீரைத் திருப்பிச் செயற்கை அருவி அமைத்ததற்கு எதிராக 2022 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நடவடிக்கைக்கு உத்தரவிட்டது. எந்த அறக்கட்டளையாலும் இதைச் செய்திருக்க முடியாது.

ஆனால் அதிகாரம் இருக்குமிடத்தில் அன்றாடப் பராமரிப்பு இருப்பதில்லை. நாற்பது ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள குளம் ஒரு துறையிடமும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடமும், ஊருணி ஊராட்சியிடமும், வரத்து ஓடை வருவாய்த் துறையிடமும் பிரிந்து கிடக்கிறது. குளத்துக்கு நிதி வந்தாலும் வரத்துக்கால் அடைபட்டிருந்தால் தண்ணீர் வராது. தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 குளங்கள் உள்ளன என்று கணக்கிடப்படுகிறது. இத்தனைக்கும் ஆண்டுதோறும் மராமத்து நிதி கிடைப்பதாக யாரும் சொல்வதில்லை.

மூன்றாவது விடை: ஊர் கூடிக் காப்பது

அரசின் இயலாமையைக் கண்டவர்கள் ஊரை நோக்கித் திரும்பினார்கள். அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் தொகுத்து 1997-இல் வெளிவந்த மரபு நீர்நிலை நூல், ஊரார் தாங்களே காத்த ஏற்பாடுகளை ஆங்கில ஆட்சி சிதைத்தது என்று வாதிட்டது. எலினோர் ஆஸ்ட்ரம் 1990-இல் வெளியிட்ட ஆய்வு, பொதுவளத்தைப் பயன்படுத்துவோரே விதி வகுத்துக் கண்காணித்தால் அது அழிய வேண்டியதில்லை என்று பல நாட்டுச் சான்றுகளோடு காட்டியது. 2009-இல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தப் பார்வைக்கு முக்கியமான மறுப்பு தமிழ் மண்ணிலிருந்தே எழுந்தது. ராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிக் கண்மாய்களை ஆராய்ந்த டேவிட் மாஸ் 2003-இல் வெளியிட்ட நூலில், அங்கே தன்னாட்சி பெற்ற ஊர்ச் சமத்துவம் இருந்ததாகக் கொள்ள முடியாது என்றார். கண்மாய் காத்தல் அரசர், ஜமீன், கோயில், சாதி மரியாதை ஆகியவற்றோடு பிணைந்த அதிகாரச் செயல்பாடு என்பது அவர் முடிவு. குடிமராமத்து என்ற பெயரில் நடந்த உழைப்பும் எப்போதும் மனமுவந்த உழைப்பு அல்ல. வழக்கமான மராமத்துக்கு ஆள் வராவிட்டால் தண்டம் விதிக்க 1858-இல் சென்னை மாகாணத்துக்கென்று கட்டாய உழைப்புச் சட்டமே இயற்றப்பட வேண்டியிருந்தது.

ஆகவே 'பழையபடி ஊரே பார்த்துக்கொள்ளட்டும்' என்று சொல்வது போதாது. யார் உழைத்தார், யார் தண்ணீர் பெற்றார் என்ற கேள்விகள் அதனுள்ளேயே இருக்கின்றன. இந்த ஆய்வுகளை எதிரெதிராக நிறுத்தவும் தேவையில்லை: தெளிவான விதியும் கண்காணிப்பும் வேண்டும் என்பதை ஆஸ்ட்ரம் காட்டினார், விதியை யார் எழுதுகிறார் என்று கேட்க மாஸ் கற்றுத்தந்தார்.

நான்காவது விடை: புதிய கொடையாளர்

இன்று பேசப்படும் அறக்கொடைக்கு மூன்று வாசல்கள் உண்டு.

முதலாவது, சட்டம் திறந்துவிட்ட வாசல். 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 2009-இல் வந்த திருத்தம், நீர்ப்பிடிப்பு, காடு, வனவிலங்கு உள்ளிட்ட சுற்றுச்சூழல் பாதுகாப்பை அறப்பணியாக வெளிப்படையாகச் சேர்த்தது. 2013-இன் நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்றது. இயற்கை வளப் பாதுகாப்பும் அதற்குள் அடங்கும்.

இரண்டாவது, அரசோடு பங்குபோடும் வாசல். 'நமக்கு நாமே' திட்டத்தில் பொதுமக்கள் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால் மீதியை அரசு தரும். 2017-இல் மீண்டும் தொடங்கிய குடிமராமத்துத் திட்டத்தில் விவசாயிகளின் பங்கு 10 விழுக்காடு. அதை உழைப்பாகவும் தரலாம் என்று வைத்தார்கள். 2006-இல் திருத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் நன்கொடை பெறக்கூடிய அறக்கட்டளை அமைக்க வழிசெய்தது. மலைக்கு அப்பால் பெரியாற்றில் 2004-லேயே அத்தகைய அறக்கட்டளை தொடங்கியிருந்தது.

மூன்றாவது, தன்னார்வ அமைப்புகளின் வாசல். 1997-இல் தோன்றிய மதுரையின் தானம் அறக்கட்டளை தென்மாவட்டக் கண்மாய்களிலும் ஊருணிகளிலும் பயனாளர் சங்கங்களை அமைத்தது. 2003-இல் கோவையில் தொடங்கிய சிறுதுளி, தொழிலதிபர் கொடையை நொய்யல் குளங்களுக்குத் திருப்பியது. வயநாட்டின் திருநெல்லி – குதிரக்கோட்டு யானை வழித்தடத்தில் கொடைப்பணத்தைக் கொண்டு நிலம் வாங்கப்பட்டு, 2015-இல் கேரள வனத்துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. தனியார் பணம் பொதுநிலத்தைக் கூட்டியதற்கு இந்தியாவில் இது தெளிவான சான்று.

அயல்நாட்டில் இவ்வழி பழையது. பிரிட்டனின் தேசிய அறக்கட்டளை 1895-இல் தோன்றியது. தன் நிலத்தை விற்க முடியாதபடி அறிவிக்கும் அதிகாரத்தை 1907-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குத் தந்தது. அமெரிக்கச் செல்வர் ராக்ஃபெல்லர் (இளையவர்) 1927 முதல் ஒரு நிறுவனத்தின் பெயரில் நிலம் வாங்கிச் சேர்த்து, 1949-இல் அமெரிக்க அரசுக்குக் கொடுத்தார். கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்கா அதனால் விரிந்தது. வாங்குபவர் யாரென்று மறைக்கப்பட்டதால் உள்ளூரில் எழுந்த கசப்பு நெடுநாள் நீடித்தது. சிலியில் டாம்ப்கின்ஸ் இணையர் நிலம் வாங்கியபோதும் ஐயம் கிளம்பியது. அந்நிலம் தேசியப் பூங்காக்களாக அரசிடம் வந்தபோது அது பெரிதும் தணிந்தது. இறுதி உரிமை பொதுவில் சேர வேண்டும், கொடுக்கும் முறை வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பவை இவற்றின் பாடங்கள்.

கொடை மீதான ஐயங்கள்

முதல் ஐயம் இடம் பற்றியது. நிறுவனம் தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று 135-ஆம் பிரிவே சொல்கிறது. ஆலை உள்ள ஊரின் குளத்துக்குப் பணம் வரும்; மானாவாரி வட்டத்தின் ஊருணிக்கு வருவதற்கு வாய்ப்பு குறைவு. நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவுக்காக 1980-இல் தொடங்கிய காப்புக் கழகம் பூங்காவை மீட்டது. ஆனால் செல்வர் வாழும் பகுதிப் பூங்காவுக்கும் ஏழைப் பகுதிப் பூங்காவுக்கும் உள்ள இடைவெளியை அது சுட்டிக்காட்டிவிட்டது என்ற விமர்சனம் தொடர்கிறது. குற்றாலத்துக்கும் திருவேங்கடத்துக்கும் இடையில் இதே இடைவெளி தோன்றக்கூடும்.

இரண்டாவது ஐயம் காலம் பற்றியது. சமூகப் பொறுப்பு விதிகளின்படி 'தொடர் திட்டம்' என்பதே தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்று ஆண்டுகளுக்குள் முடிய வேண்டியது. குளம் அந்தக் கணக்குக்குள் அடங்காது. தூர்வாரிய குளத்தில் கரையையும் மடையையும் மறுகாலையும் ஆண்டுதோறும் பார்க்காவிட்டால் சில மழைக்காலங்களில் செய்த வேலை வீணாகிவிடும். பழைய கொடை பராமரிப்புக்கு முதல் வைத்தது. புதிய கொடை பெரும்பாலும் பொக்லைன் வாடகைக்குப் பணம் தருகிறது.

மூன்றாவது, கொடை வரும் இடத்திலிருந்து அரசு நிதி விலகிக்கொள்ளும் என்ற ஐயம். அரசு கொடுத்தால் தனியார் கொடை குறையுமா, கொடை வந்தால் அரசு ஒதுங்குமா என்று பொருளியலாளர்கள் நெடுங்காலம் விவாதித்துள்ளனர். கொடுப்பதிலேயே மனநிறைவு இருப்பதால் இரண்டும் ஒன்றையொன்று முழுக்க ஈடுசெய்வதில்லை என்று 1990-இல் ஜேம்ஸ் ஆண்ட்ரியோனி வாதிட்டார். நம் ஊராட்சிகளில் இது எப்படி நடக்கிறது என்பதற்கு உறுதியான முடிவு சொல்வது கடினம்.

நான்காவது, நோக்கம் பற்றியது. கொடையாளர் விரும்புவது கண்ணுக்குத் தெரியும் பச்சை. கரிசல் தரிசில் வரிசையாக மரம் நடுவது நல்லதென்று தோன்றும். ஆனால் திறந்த புல்வெளி என்பதும் ஒரு வாழிடம். ஆடுமாடு மேய்வதும், வலசை வரும் பூனைப்பருந்துகள் தங்குவதும் அத்தகைய வெளிகளில்தான். தூத்துக்குடி மாவட்டத்தின் வல்லநாடு வெளிமான் சரணாலயம் வறண்ட குன்றும் புதரும் கொண்ட நிலத்தின் மதிப்புக்குச் சான்று. சீமைக்கருவேலம் அகற்றுவதும் அப்படியே. நீர்நிலைக்குள் அதை அகற்ற வலுவான காரணம் உண்டு. ஆனால் கரி மூட்டம் போட்டும் விறகு வெட்டியும் பிழைக்கும் நிலமற்றவர்களுக்கு மாற்று என்ன என்பதைத் திட்டத்தில் எழுதாவிட்டால் கொடை ஏழையின் அடுப்பை அணைத்துவிடும். வறண்ட வட்டாரங்களின் பொதுவளங்களைப் பல மாநிலங்களில் ஆராய்ந்த என்.எஸ். ஜோதா 1986-இலேயே, பொதுநிலம் சுருங்கும்போது அதிகம் இழப்பவர்கள் வறியவர்களே என்று காட்டியிருக்கிறார்.

ஐந்தாவது எச்சரிக்கை பூதானத்திலிருந்து வருகிறது. 1951-இல் வினோபா பாவே தொடங்கிய இயக்கம் தமிழகத்திலும் நிலக்கொடை பெற்றது. 1958-இல் அதற்கென்று சட்டமும் வந்தது. கொடையாக வந்த நிலங்களில் சாகுபடிக்கு உதவாதவையும் வழக்கில் சிக்கியவையும் கலந்திருந்தன. கொடுத்தவரின் நல்லெண்ணம் மட்டுமே நிலத்தைப் பயனுள்ளதாக்கிவிடவில்லை. அளவை, ஆவணம், தொடர் கவனிப்பு ஆகியவை இல்லாத இடங்களில் கொடை ஏட்டோடு நின்றது.

பணமல்லாத கொடை

இந்த விவாதத்தில் போதிய கவனம் பெறாதது நேரத்தையும் அறிவையும் கொடுப்பது. மணிமுத்தாற்றில் அசோகா அறக்கட்டளை நடத்தும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் 2011 முதல் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை ஒருங்கிணைத்துவருகிறது. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டக் குளங்களை மாணவர்களும் ஆசிரியர்களும் ஆர்வலர்களும் சென்று எண்ணுகிறார்கள். எந்தக் குளத்தில் பறவை குறைகிறது, எதில் குப்பை சேர்கிறது, எதில் கரை வளைக்கப்படுகிறது என்ற விவரம் ஆண்டுக்காண்டு கிடைக்கிறது. நீர்நிலை பற்றிய தொடர் தகவல் இல்லாத இடத்தில் கோடி ரூபாய்க் கொடையும் இருட்டில் செய்யும் செலவுதான்.

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி அருகே உள்ள கூந்தன்குளத்தில் பறவைகள் வீட்டு மரங்களிலேயே கூடுகட்டுவதை ஊரார் தலைமுறைகளாகப் பொறுத்துக் காத்தார்கள். 1994-இல் அது சரணாலயமானது. வேடந்தாங்கலில் பறவைகளைச் சுடக்கூடாதென்று ஊரார் 1798-லேயே அரசிடம் ஆவணம் பெற்றதாக வரலாறு சொல்கிறது. இவ்விரு ஊர்களிலும் சட்டத்துக்கு முன்பே காவல் இருந்தது. சட்டம் வந்தபின் அது நிலைத்தது.

மதிப்பீடு

இந்த விடைகளில் எதுவும் தனித்து நிற்பதாகத் தெரியவில்லை. அரசிடம் உரிமையும் சட்டமும் இருக்கின்றன. அன்றாடக் கவனம் இல்லை. ஊரிடம் கவனம் இருக்கிறது. சமத்துவம் எப்போதும் இல்லை. கொடையாளரிடம் பணமும் வேகமும் இருக்கின்றன; நீடித்த காலமும் பொறுப்புக்கூறலும் இல்லை. கொடையை அரசுக்கு மாற்றாகக் கொள்வோரின் வாதமும், கொடையே வேண்டாம் என்போரின் வாதமும் சான்றுகளால் நிறுவப்படவில்லை.

நிறுவப்பட்டதாகக் கொள்ளத்தக்கவை நான்கு. நிலத்தின் உரிமை பொதுவிலேயே இருக்க வேண்டும். கொடையாளர் பெயர்ப்பலகை வைக்கலாம், வேலி போட்டுச் சாவியை வைத்துக்கொள்ளக் கூடாது. கொடையில் ஒரு பகுதியாவது பராமரிப்புக்கான நிலைமுதலாக ஒதுக்கப்பட வேண்டும். கணக்கு கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும். மேய்ப்பவர், விறகெடுப்பவர், தண்ணீர் எடுக்கத் தடுக்கப்பட்டவர் ஆகியோரின் குரல் திட்டம் எழுதும்போதே கேட்கப்பட வேண்டும்.

திறந்தே இருக்கும் கேள்விகளும் உண்டு. காட்சிக்கு எடுபடாத மேய்ச்சல் புறம்போக்குக்குக் கொடையை எப்படிக் கொண்டுவருவது? அருவிக்கரையில் வரும் கட்டண வருவாயில் ஒரு பங்கைக் கிழக்கின் வறண்ட வட்டங்களின் நீர்நிலைகளுக்குப் பகிர முடியுமா? மூன்றாண்டுத் திட்டவிதியை நீண்டகாலப் பராமரிப்புக்கு ஏற்பத் தளர்த்தலாமா? இவற்றுக்கு விடை காண மாவட்ட அளவில் வெளிப்படையான கணக்கும் ஊர் அளவில் பல ஆண்டு ஆய்வும் தேவை.

அதுவரை கொடுக்க முன்வருவோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. புதிய கட்டுமானம் ஒன்றைக் கொடுப்பதற்குமுன், ஏற்கெனவே உள்ள ஒரு குளத்தின் வரத்துக்காலைப் பத்து ஆண்டுகளுக்குப் பராமரிக்க எவ்வளவு ஆகும் என்று அந்த ஊராட்சியிடம் கேளுங்கள். அந்தத் தொகையைக் கொடுங்கள். கணக்கைக் கிராம சபையில் கேளுங்கள். தென்காசி மாவட்டத்தின் பொதுநிலத்துக்கு இன்று மிகவும் தேவைப்படும் அறம் அதுவே.